புள்ளி தப்பாமல்: பழைய தாள் ஆவணங்களை மின்னுரையாக மாற்றும் முறை

பழைய தாள் ஒன்றை ஸ்கேன் செய்து, அதிலுள்ள எழுத்துகளை ஓசிஆர் எனப்படும் எழுத்துணரி மென்பொருளைக் கொண்டு மின்னுரையாக மாற்றும்போது இரண்டு வகைப் பிழைகள் நேர்கின்றன. ஒரு வகை பார்த்தவுடன் தெரிந்துவிடும்: சொல்லின் நடுவே ஆங்கில எழுத்தோ பொருளற்ற குறியோ நிற்கும், படிப்பவர் எவரும் அதைத் திருத்திவிடுவார். மற்ற வகையோ ‘கொடு’ இருந்த இடத்தில் ‘கோடு’ என்றும், ‘அவர்’ இருந்த இடத்தில் ‘அவா’ என்றும், 1863 இருந்த இடத்தில் 1868 என்றும் வந்து அமர்ந்துகொள்ளும். மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்கு அது பிழை என்றே தோன்றாது. ஆவணத்தின் நம்பகத்தன்மையைக் கெடுப்பது இந்த இரண்டாம் வகைதான் என்பதால், கீழே சொல்லப்படும் படிகள் அதைக் குறைப்பதையும், மிஞ்சியதைத் தேடிப் பிடிப்பதையும் நோக்கியே அமைந்துள்ளன.

தாளும் ஸ்கேனரும்

முதல் வேலை எண்ணுவது. ஆவணக் கட்டுக்குள் எத்தனை தாள்கள் உள்ளன, எவை இருபுறமும் எழுதப்பட்டவை, எந்தப் பக்க எண்கள் ஏற்கெனவே காணாமற்போயின என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்கேன் முடிந்ததும் படங்களின் எண்ணிக்கையை இந்தக் குறிப்போடு ஒப்பிட வேண்டும். எழுத்துப் பிழைகளைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். ஆனால் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டதால் விடுபட்ட ஒரு முழுப் பக்கமே எல்லாவற்றிலும் பெரிய பிழை, அதை எந்த மென்பொருளும் சுட்டிக்காட்டாது.

அடுத்து, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, குண்டூசி, ஸ்டேபிள் பின் முதலியவற்றை மெல்ல எடுத்துவிட வேண்டும். மடிப்பில் முறியும் நிலையிலுள்ள தாளை வலிந்து நிமிர்த்தவோ, கிழிசலைச் செலோடேப் கொண்டு ஒட்டவோ கூடாது. அந்தப் பசை காலப்போக்கில் பழுப்பேறி எழுத்தையும் சேர்த்து மறைத்துவிடும். தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர்கள் உறுதியான தாள்களுக்கு மட்டுமே ஏற்றவை. பழைய தாளுக்குக் கண்ணாடிப் பலகை கொண்ட ஸ்கேனரும், தைத்த நூலுக்கு மேலிருந்து படமெடுக்கும் கருவியும் பொருத்தமானவை. பின்பக்கத்து மை முன்பக்கத்தில் ஊடுருவித் தெரிந்தால், தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து ஸ்கேன் செய்து பாருங்கள். வெள்ளைப் பின்னணி ஒளியைத் திருப்பியனுப்பிப் பின்பக்க எழுத்தைத் துலக்கிக் காட்டுகிறது. கறுப்புப் பின்னணி அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. இந்தச் சிறிய ஏற்பாடு பின்னர் செய்யும் எந்த மென்பொருள் திருத்தத்தையும்விட நன்றாக வேலை செய்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எவ்வளவு நுணுக்கமாக ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதைத் தமிழைப் பொறுத்தவரை மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளியை வைத்தே முடிவு செய்யலாம். சிறிய அச்செழுத்தில் அந்தப் புள்ளியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 150 டிபிஐ அளவில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல் (படத்தின் மிகச் சிறிய கட்டம்) என்ற அளவில், அதற்கு இரண்டு பிக்சல்தான் கிடைக்கும். அது தூசியா புள்ளியா என்று மனிதக் கண்ணுக்கே தெரியாது. 300 டிபிஐ அளவில் நான்கு பிக்சலும், 600 டிபிஐ அளவில் எட்டு பிக்சலும் கிடைக்கும். ஆகவே தெளிவான அச்சுக்கு 300, அடிக்குறிப்பு போன்ற சிற்றெழுத்துக்கும் தேய்ந்த அச்சுக்கும் 400 முதல் 600 என்பது நல்ல அளவு. அதற்கு மேல் போவதால் கோப்பு பெரிதாகுமே தவிர, தாளில் இல்லாத விவரம் படத்தில் வந்துவிடாது. கைபேசியால் படமெடுப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருப்பது நல்லது: 12 மெகாபிக்சல் கேமராவின் சட்டகம் முழுவதையும் ஏ4 தாள் நிரப்பினால் ஏறத்தாழ 340 டிபிஐ கிடைக்கிறது, நீளவாக்கில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நிரப்பினால் அது 230க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஃபிளாஷைத் தவிர்த்து, இருபுறமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்து, கேமராவைத் தாளுக்கு இணையாகப் பிடிக்க வேண்டும்.

நிறத்தையும் கோப்பு வடிவத்தையும் பற்றிப் பலர் கவலைப்படுவதில்லை. அதில்தான் திரும்பப் பெற முடியாத இழப்பு நேர்கிறது. ஸ்கேன் செய்யும்போதே கறுப்பு வெள்ளை என்ற இருநிலைப் படமாக எடுத்தால், மங்கிய புள்ளி வெள்ளையாகவும் கறை கறுப்பாகவும் அந்தக் கணத்திலேயே முடிவு செய்யப்பட்டுவிடும். குறைந்தது சாம்பல் நிறப் படமாகவும், முத்திரை, சிவப்பு மை, பென்சில் குறிப்பு, பழுப்புக் கறை ஆகியவை இருந்தால் வண்ணப் படமாகவும் எடுத்து, விவரம் எதையும் இழக்காத டிஃப் (TIFF) கோப்பு வடிவில் மூலப்படமாகச் சேமியுங்கள். ஏ4 தாள் ஒன்று 300 டிபிஐ சாம்பல் நிறத்தில் ஏறத்தாழ 9 மெகாபைட்டும், வண்ணத்தில் 26 மெகாபைட்டும் ஆகும். இன்றைய சேமிப்புக் கருவிகளுக்கு அது சுமையன்று.

சுருக்கும் முறை எவ்வளவு தூரம் ஏமாற்றக்கூடும் என்பதற்கு 2013இல் வெளிவந்த ஒரு நிகழ்வு போதிய சான்று. ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஒர்க்சென்டர் வகைக் கருவிகளில் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது, 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று வெவ்வேறாக எழுதியிருந்த மூன்று அறைகளின் பரப்பளவுகளும் படத்தில் 14.13 என்றே வந்திருந்ததைக் கண்டார். அங்கே ஓசிஆர் எதுவும் இயங்கவில்லை. ஜேபிக்2 என்ற சுருக்கமுறை, ஒன்றுபோலத் தோன்றும் வடிவங்களை ஒரே வடிவமாகக் கருதி, ஒன்றின் படத்தை மற்றதன் இடத்தில் பதித்துவிட்டதே காரணம். எழுத்துகள் மங்காமல், சிதையாமல், கூர்மையாகவே தெரிந்தன, எண்கள்தான் தவறானவை. ஆகவே பிடிஎஃப் தயாரிக்கும்போது ‘சிறிய கோப்பு’, ‘அதிகச் சுருக்கம்’ போன்ற தெரிவுகளை, மூலப்படத்தை வேறிடத்தில் பத்திரப்படுத்தாமல் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

படத்தைச் செப்பனிடுதல்

எழுத்துணரிக்குக் கொடுக்கும் முன் படத்தின் சாய்வை நிமிர்த்தி, ஓரங்களை வெட்டி, நூலின் முதுகுப் பக்கத்து வளைவைச் சமன்படுத்த வேண்டும். ஸ்கேன் டெய்லர் போன்ற இலவச மென்பொருள்கள் இதற்குப் போதும். மூலப்படத்தைத் தொடாமல், நகலில் மட்டுமே இவற்றைச் செய்ய வேண்டும்.

இருநிலைப் படமாக மாற்ற நேர்ந்தால், எது கறுப்பு, எது வெள்ளை என்று பிரிக்கப் பக்கம் முழுவதற்கும் ஒரே வரம்பை வைக்கும் ஓட்சு முறை சீரான தாளுக்குப் பொருந்தும். ஒரு மூலை பழுப்பேறி மற்ற இடம் வெளுத்திருக்கும் தாளுக்கு, சுற்றியுள்ள பகுதியைப் பார்த்து இடத்துக்கு இடம் வரம்பை மாற்றிக்கொள்ளும் சவோலா போன்ற முறையே சரி. இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலான மென்பொருள்களில் தூசிப்புள்ளிகளை நீக்கும் வசதி ஒன்று இருக்கிறது. சிறு கறுப்புத் திட்டுகளை எல்லாம் அழுக்கு என்று கருதி அழிப்பது அதன் வேலை. தமிழின் மெய்ப்புள்ளியும் அதன் பார்வையில் சிறு கறுப்புத் திட்டே. நான் ஒருமுறை மங்கலான அச்சுப் பக்கங்கள் பலவற்றை இந்த வசதியின் மிகுந்த அளவில் ஓட்டியபோது, பக்கங்கள் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தன. படித்துப் பார்த்தபோதுதான் ‘கண்’ எல்லாம் ‘கண’ என்றும், ‘பல்’ எல்லாம் ‘பல’ என்றும் ஆகியிருந்தது தெரிந்தது. அத்தனை பக்கங்களையும் மூலப்படத்திலிருந்து மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. இந்த வசதியை அணைத்துவைப்பதே நல்லது. தேவைப்பட்டால் மிகக் குறைந்த அளவில் வைத்து, ஒரு பக்கத்தை இருமடங்கு பெரிதாக்கி, புள்ளிகள் எல்லாம் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே மற்றப் பக்கங்களுக்குச் செல்ல வேண்டும்.

எழுத்துணரியை இயக்குதல்

டெசராக்ட் என்ற எழுத்துணரி எச்பி நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1985 முதல் 1994 வரை உருவாக்கப்பட்டு, 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து, எடுத்துக்காட்டுகளைக் கொண்டு கற்கும் நரம்புவலை முறையில் இயங்குகிறது. தமிழுக்கான பயிற்சித் தரவும் அதில் உண்டு. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தாலும் தமிழ் உரை கிடைக்கும். எதைப் பயன்படுத்தினாலும், பக்கத்தில் என்ன மொழிகள் உள்ளன என்பதையும் பத்திகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதையும் குறிப்பிட வசதி இருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தை ஒரே பத்தியாகக் கருதி இயக்கினால், ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தும் வரிகள் கலந்து பொருளே மாறிவிடும். அட்டவணைகளைத் தனியாக வெட்டியெடுத்து, நெடுவரிசை நெடுவரிசையாகக் கொடுப்பது பாதுகாப்பானது.

பழைய தமிழ் அச்சுக்கென்றே சில இடர்கள் உண்டு. தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன், ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகள் வேறு வடிவில் அச்சிடப்பட்டன. அவ்வடிவங்களில் பயிற்சி பெறாத எழுத்துணரி அவற்றை அருகிலுள்ள வேறொரு எழுத்தாகவே படிக்கும். ஆனால் ஒரு நூலில் அது செய்யும் பிழை பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கும் என்பதால், முதல் பத்துப் பக்கங்களைத் திருத்தும்போதே எது எதுவாக மாறுகிறது என்று ஒரு பட்டியல் எழுதிவைத்தால், மற்றப் பக்கங்களில் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். தமிழ் எண்களும் இப்படித்தான்: ௧ என்பதைக் ‘க’ என்றும், ௨ என்பதை ‘உ’ என்றும், ௫ என்பதை ‘ரு’ என்றும், ௭ என்பதை ‘எ’ என்றும், ௰ என்பதை ‘ய’ என்றும் எழுத்துணரி படித்துவிடும். ஆண்டு, மாதம், நாள், மேற்படி, ரூபாய் ஆகியவற்றைக் குறிக்கும் ௵, ௴, ௳, ௸, ௹ போன்ற பழைய குறியீடுகள் இருக்கும் பக்கங்களைக் கையால் தட்டச்சு செய்வதே வேகமான வழி. கையெழுத்து ஆவணங்களுக்கும் அச்சுக்கான எழுத்துணரியை நம்ப வேண்டாம்.

இப்போது படத்தைக் கொடுத்தால் உரையைத் தரும் பெரிய மொழி மாதிரிகள் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் பழக்கத்துக்கு வந்துவிட்டன. மங்கிய பக்கத்தையும் அவை சரளமாகப் படித்துத் தருகின்றன. அந்தச் சரளத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. தெரியாத சொல்லின் இடத்தில், அந்த வாக்கியத்துக்குப் பொருந்தும் ஒரு சொல்லை அவை இட்டு நிரப்பக்கூடும். பழைய எழுத்துக்கோர்வையை இன்றைய வழக்குக்கு மாற்றக்கூடும். ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு வரிகளில் ஒன்றை விட்டுவிடக்கூடும். எழுத்துணரியின் பிழை பெரும்பாலும் உளறலாக வெளிப்படும்; இவற்றின் பிழையோ நல்ல தமிழாக வெளிப்படும். ஆகையால் இவ்வகைக் கருவியின் உரையைப் பயன்படுத்துவதானால், சாதாரண எழுத்துணரியின் உரையோடு அதை ஒப்பிட்டு, இரண்டும் வேறுபடும் இடங்களிலெல்லாம் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வரிகளின் எண்ணிக்கையையும் படத்தோடு சரிபாருங்கள்.

எவ்வளவு சரி என்று அளவிடுதல்

‘99 சதவீதம் துல்லியம்’ என்று கேட்டால் நிறைவாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் 2000 எழுத்துகள் இருந்தால், அதன் பொருள் பக்கத்துக்கு 20 பிழைகள் என்பதே. ஏழு எழுத்துள்ள ஒரு சொல் முழுவதும் சரியாக வரும் வாய்ப்பு அப்போது 93 சதவீதமாகக் குறைகிறது. தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபும் விகுதியும் சேர்ந்து நீள்வன என்பதால், எழுத்தளவில் சிறியதாகத் தோன்றும் பிழைவிகிதம் சொல்லளவில் பெரிதாகிவிடுகிறது.

அளவிடும் முறை எளியது. சரியான உரையையும் எழுத்துணரியின் உரையையும் ஒப்பிட்டு, மாறிய எழுத்துகள், விடுபட்ட எழுத்துகள், மிகையாக நுழைந்த எழுத்துகள் ஆகிய மூன்றையும் கூட்டி, சரியான உரையின் மொத்த எழுத்துகளால் வகுத்தால் பிழைவிகிதம் கிடைக்கும். இங்கே ‘எழுத்து’ என்று எதை எண்ணுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ‘புத்தகம்’ என்ற சொல்லில் நம் கணக்குப்படி ஐந்து எழுத்துகள். கணினியில் எழுத்துகளைக் குறியிடும் பொதுமுறையான யூனிகோடின் கணக்குப்படி உகரக்குறியும் இரண்டு புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் எட்டுக் குறிகள். ‘ம்’ என்பதன் புள்ளி விழுந்துவிட்டால், முதல் கணக்கில் பிழை 20 சதவீதம், இரண்டாவதில் 12.5 சதவீதம். இரண்டு கருவிகளின் துல்லியத்தை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே கணக்கில் எண்ணப்பட்டனவா என்று கேட்பது அவசியம். ஒப்பிடும் முன் இரண்டு உரைகளையும் யூனிகோடு இயல்பாக்கத்துக்கு உட்படுத்தி, ஒரே எழுத்து எங்கும் ஒரே குறியமைப்பில் இருக்கும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் ‘ொ’ என்பது ஓரிடத்தில் ஒரே குறியாகவும் மற்றோரிடத்தில் இரண்டு குறிகளாகவும் இருந்து, இல்லாத பிழையைக் காட்டும்.

ஒப்பிடுவதற்கான சரியான உரையை இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து, வேறுபடும் இடங்களைப் படத்தோடு பார்த்துத் தீர்ப்பதே நம்பத்தக்க முறை. மாதிரிப் பக்கங்களை நூலின் தொடக்கத்திலிருந்து மட்டும் எடுக்காமல், குலுக்கல் முறையில் எங்குமிருந்து எடுக்க வேண்டும். எண்களுக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உரையில் ஒரு பிழை வாசிப்பைத் தடுக்கும், எண்ணில் ஒரு பிழை செய்தியையே மாற்றும். 300 எண்களைப் பார்த்து ஒரு பிழையும் இல்லை என்று கண்டாலும், உண்மைப் பிழைவிகிதம் 1 சதவீதம் வரை இருக்கக்கூடும் என்பது புள்ளியியல் தரும் விடை. ஆகவே தேதி, தொகை, பரப்பளவு போன்றவை முக்கியமான ஆவணங்களில் மாதிரி பார்ப்பது போதாது, ஒவ்வோர் எண்ணையும் பார்த்தே தீர வேண்டும். எழுத்துணரி ஒவ்வொரு சொல்லுக்கும் தரும் நம்பிக்கை மதிப்பெண்ணைத் துல்லியத்தின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கிருந்து சரிபார்க்கத் தொடங்கலாம் என்பதற்கு மட்டும் அது உதவும்.

சரிபார்த்தல்

மெய்ப்புப் பார்க்கும் முன், கணினியையே பிழை தேடச் சொல்லலாம். அதற்கு நம் இலக்கணம் மிகச் சிறந்த கருவி. ண, ற, ன, ழ, ள ஆகிய எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை. அப்படித் தொடங்கும் சொற்களைத் தேடினால் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாம் பிழைகளே. சொல்லுக்குள் க், ச், த், ப் ஆகிய நான்கும் தம்மோடு தாமே மயங்குபவை, அதாவது அவற்றை அடுத்து அதே எழுத்தின் வரிசையே வரும். ‘பக்தி’, ‘சப்தம்’ போன்ற வடசொற்களையும் பிறமொழிப் பெயர்களையும் ஒதுக்கிவிட்டால், ‘க்’ என்பதை அடுத்துக் ககரம் அல்லாத எழுத்து வருமிடம் சந்தேகத்துக்குரியது. ஒரு சொல் வல்லின மெய்யில் முடிந்தால், அடுத்த சொல் அதே எழுத்தின் வரிசையில் தொடங்க வேண்டும்: ‘அந்தப்’ என்பதற்குப் பின் ‘புத்தகம்’ வரலாம், ‘மரம்’ வர முடியாது. உயிரெழுத்தை அடுத்துத் துணைக்கால் வருவதும், ஒரே எழுத்தின் மேல் இரண்டு உயிர்க்குறிகள் நிற்பதும் எழுத்தமைப்பிலேயே இயலாதவை.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளையும் இவ்வழியில்தான் பிடிக்க முடியும். ரகரமும் துணைக்காலும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோல இருப்பதால், ‘அரசு’ என்பது ‘அாசு’ என்று வந்திருந்தாலும் திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் ‘அரசு’ என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் ஒருநாளும் கிடைக்காது. ‘ஔவை’ என்பது ஒகரமும் ளகரமும் சேர்ந்து ‘ஒளவை’ என்றும், ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்றும் வருவது இதே வகை.

இவற்றுக்குப் பின் மனிதர் படிக்க வேண்டும். படமும் உரையும் அருகருகே திரையில் இருக்க, ஒருவர் படத்திலுள்ளதை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் உரையைப் பார்த்துக்கொண்டு வருவது பழைய அச்சக முறை; இன்றும் அதற்கு ஈடில்லை. தனியாகச் செய்பவர் ஒரு வரியளவு மட்டும் தெரியும்படி படத்தை மறைத்துக்கொண்டு படிக்கலாம். பொருளில் ஆழ்ந்துவிட்டால் கண் தானே திருத்திக்கொண்டு போய்விடும் என்பதால், பெயர்களையும் எண்களையும் மட்டும் பார்க்கும் இரண்டாம் சுற்று ஒன்றைத் தனியே வையுங்கள். பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் மின்னுரையாக்கும் தமிழ் விக்கிமூலம் என்ற இணையதளத்தில் ஒரு பக்கத்தை ஒருவர் மெய்ப்புப் பார்த்ததும் மஞ்சள் நிறமும், வேறொருவர் மீண்டும் சரிபார்த்த பிறகே பச்சை நிறமும் இடப்படுகிறது. தம் பிழையைத் தாமே காண்பது கடினம் என்பதை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. தனிப்பட்ட தொகுப்புகளுக்கும் அப்படியே பின்பற்றத் தக்கது.

மூலத்திலேயே பிழை இருந்தால் திருத்தாமல் அப்படியே தட்டச்சு செய்து, தனிக்குறிப்பில் சரியான வடிவத்தைக் காட்டுங்கள். கிழிந்தோ மங்கியோ படிக்க முடியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல், சதுர அடைப்புக்குள் இத்தனை எழுத்துகள் தெளிவில்லை என்று எழுதுங்கள். ஊகம் வலுவானதாக இருந்தால் அதையும் ஊகம் என்றே குறிக்கலாம். உரைக்கோப்பின் பெயரும் படக்கோப்பின் பெயரும் ஒரே எண்ணில் அமைந்து, இரண்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும். எந்தக் கருவியால், எந்தப் பதிப்பால், எந்த நாளில் மாற்றப்பட்டது, எத்தனை பேர் மெய்ப்புப் பார்த்தார்கள், மாதிரிப் பக்கங்களில் கண்ட பிழைவிகிதம் எவ்வளவு என்பவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதி அவற்றோடு வைத்துவிட்டால், பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்த உரையில் ஒரு சொல்லைச் சந்தேகிப்பவர் எந்தப் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை உடனே அறிந்துகொள்வார்.